பதினாறு நிமிடப் பாட்டு

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

எங்கள் ஊர் ஆலந்தலை. அங்கே கரைவலை இழுக்கும்போது ஒருவர் ஓரடி பாடுவார்; வடம் பிடித்த மற்றவர்கள் சேர்ந்து பதிலடி பாடுவார்கள். இதற்கு அம்பாப் பாட்டு என்று பெயர். என் பாட்டனார் முன்னடி பாடியவர். கையெழுத்துப் போடத் தெரியாதவர். அவர் மறைந்துவிட்டார். அவர் குரல் எங்களிடம் இல்லை. அந்தக் குறையே இக்கட்டுரைக்குக் காரணம்.

அமெரிக்காவில் அடிமைகளாக உழைத்த கறுப்பின மக்களும் இவ்வாறே வயல்களில் ஒருவர் பாட, மற்றவர் பதில் பாடினர். அந்த வேரில் கிளைத்ததே ‘புளூஸ்’ இசை. துயரத்தை ஓரடியில் சொல்லி, அதையே மீண்டும் பாடி, மூன்றாம் அடியில் விடை கூறுவது அதன் வழக்கமான அமைப்பு.

பேசும் படம் தோன்றிய புதிதில், முழுநீளப் படங்களோடு காட்டுவதற்கெனச் சிறிய இசைப்படங்கள் எடுக்கப்பட்டன. 1929-ல் டட்லி மர்ஃபி இயக்கிய ‘செயின்ட் லூயிஸ் புளூஸ்’ அவற்றுள் ஒன்று. ஓடும் நேரம் சுமார் 16 நிமிடம். காதலனால் வஞ்சிக்கப்பட்ட பெண்ணாகப் பெஸ்ஸி ஸ்மித் பாட, சுற்றியிருப்போர் பதில் பாடுகின்றனர். அதே ஆண்டில் மர்ஃபி, ஜாஸ் மேதை டியூக் எலிங்டனைக் கொண்டு ‘பிளாக் அண்ட் டான்’ என்ற குறும்படத்தையும் எடுத்தார்.

பாட்டு எவ்வாறு படச்சுருளில் தங்குகிறது? 1926-ல் வந்த ‘வைட்டபோன்’ முறையில் ஒலி தனி இசைத்தட்டில் இருந்தது. சுருள் அறுந்து ஒட்டினால் உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம்! பின்னர் ஒலியையும் சுருளின் ஓரத்திலேயே ஒளிக்கோடாகப் பதித்தனர். விளக்கின் ஒளி அக்கோட்டை ஊடுருவி ஒளிமின்கலத்தில் விழும். ஒளி கூடக்குறைய மின்னோட்டமும் கூடிக் குறையும். அதைப் பெருக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பினால் பாட்டு கேட்கும்.

பெஸ்ஸி ஸ்மித் 1937-ல் கார் விபத்தில் இறந்தார். அவர் நடித்த ஒரே படம் இதுதான். அந்தப் பதினாறு நிமிடம் இல்லையேல், அவர் நின்று பாடிய தோற்றத்தை நாம் கண்டிருக்க முடியாது.

நம் கதை என்ன? முதல் தமிழ்ப் பேசும் படமான ‘காளிதாஸ்’ 31-10-1931 அன்று சென்னையில் வெளியாயிற்று. குறத்தி ஆட்டமும் பாட்டும் கொண்ட குறும்படமும் உடன் காட்டப்பட்டது. ‘காளிதா’ஸின் பிரதி ஒன்றுகூட இன்று கிடைக்கவில்லை. அக்காலச் சுருள்கள் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் வகை; அவற்றைக் காக்கும் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் புனேயில் அமைந்ததோ 1964-ல்தான்!

சென்ற விடுமுறையில் பாட்டியாரிடம் அம்பாப் பாட்டைக் கேட்டுக் கைபேசியில் பதிந்தேன். “இதெல்லாம் எதுக்குல பிடிக்க?” என்று சிரித்தார்கள். பிறகு, பாட்டனாரின் அடியைத் தாமே பாடி, பதிலடிக்காக என்னைப் பார்த்தார்கள். எனக்குத் தெரியவில்லை.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் பாடும் முதியவர் இருக்கக்கூடும். அடுத்த விடுமுறையிலேயே பதிந்துவிடுங்கள். பெயர், ஊர், தேதி குறித்து, இரண்டு படிகளாக வையுங்கள். பதிலடியையும் மறவாமல் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்.