பட்டியல் யார் கையில்?

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், தேர்தலை நடத்தும் தலைமை அதிகாரியையே மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். கட்சி வேட்பாளர்களே அதற்குப் போட்டியிடுகிறார்கள். 'மாநிலச் செயலாளர்' என்பது பதவியின் பெயர். வாக்காளர் பட்டியலும் அவர் பொறுப்பில்தான்.

2018-ல் அந்தப் பதவியில் இருந்த பிரையன் கெம்ப், பதவி விலகாமலே ஆளுநர் தேர்தலில் நின்றார். எதிர்த்து நின்றவர் கறுப்பினப் பெண் ஸ்டேசி ஆப்ரம்ஸ். விண்ணப்பமும் அரசுப் பதிவேடும் எழுத்து மாறாமல் ஒத்துப்போக வேண்டும் என்ற விதியால் சுமார் 53,000 பதிவுகள் நிலுவையில் கிடந்தன. ஏறத்தாழ 70 சதவீதம் கறுப்பின மக்களுடையவை. பாகுபாடு இல்லை, அடையாள அட்டை காட்டி ஓட்டுப் போடலாம் என்றார் கெம்ப். வென்றவரும் அவரே.

காலியான செயலாளர் பதவிக்கு நவம்பரில் 38 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஓட்டளித்தும் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்கவில்லை. டிசம்பர் 4 மறுதேர்தலுக்கு வந்தவர்கள் 15 லட்சத்துக்கும் குறைவு. பிராட் ராபென்ஸ்பெர்கர் வென்றார். 2021 ஜனவரியில், 11,780 வாக்குகளைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று அதிபர் டிரம்ப் தொலைபேசியில் கேட்டது இவரிடம்தான். இவர் இணங்கவில்லை. பலர் ஓட்டுப் போட வராத பதவியின் கனம் அன்று தெரிந்தது.

நம் நாட்டில் தலைமைத் தேர்தல் அதிகாரியைத் தேர்தல் ஆணையம் நியமிக்கிறது. மொழியாலும் இனத்தாலும் வேறுபட்டவர்களைச் சில மாகாணங்கள் பட்டியலில் சேர்க்காமல் விடுகின்றன என்ற புகாரைச் சொல்லித்தான், 1949 ஜூனில் அம்பேத்கர் சுதந்திரமான ஆணையம் கேட்டார்.

பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு நம் நாட்டில் ஓட்டில்லை. மாணவர்களே, பட்டியலை எடுத்து நம் தெருவைப் பெயர் பெயராக வாசித்துப் பார்ப்போம்.