அக்கிச் சோதனையும் அதன் காலமும்

கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசற் சீமையில், உடம்பிற் கொப்புளங்கள் கொத்தாக எழுந்து எரிச்சல் தருமாயின், அதனை அக்கி என்று பெயரிட்டு, மண்பாண்டம் வனையும் வேளார் வீட்டிற்கு நோயாளியை அழைத்துச் செல்லுதல் நெடுநாளைய வழக்கம். அவர் காவி மண்ணைக் குழைத்துக் கொப்புளங்களின்மேல் எழுதி அனுப்புவார். சில நாட்களிற் கொப்புளங்கள் வாடிவிடும். எழுதினமையால் வாடினவோ, வாடுங் காலத்தில் எழுதப்பட்டனவோ என்று வினவுவார் அரியர். தானே தோன்றித் தானே மறையும் இயல்புடைய நோயில், மருந்தின் பயனையும் சோதனையின் உண்மையையும் அளந்தறிதல் எளிதன்று. சோதனையைப் பற்றியே நாம் ஈண்டுச் சிறிது ஆராயப் புகுகின்றோம்.

ஊரார் அக்கி என்று பெரும்பாலும் குறிப்பது, சின்னம்மையை உண்டாக்கிய வைரஸ் பல்லாண்டு நரம்பில் உறங்கிக் கிடந்து, பின்னர் உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் வெளிப்படுவதை. அதற்கு நெருங்கிய உறவுடைய பிறிதொரு வைரஸ் ஹெர்ப்பீஸ் சிம்ப்ளெக்ஸ் எனப்படும். இஃது இருவகைத்து. முதல்வகை பெரும்பாலும் இளமையிலேயே உமிழ்நீரால் தொற்றி உதட்டோரத்திற் புண்ணாகும். இரண்டாம் வகை உடலுறவினால் தொற்றி மறைவிடத்திற் புண்ணாகும். முதல்வகையும் மறைவிடத்தே தோன்றுதல் உண்டு. 2020ஆம் ஆண்டிற்கு உலக சுகாதார நிறுவனம் செய்த மதிப்பீட்டின்படி, ஐம்பது வயதிற்குட்பட்டாரில் 380 கோடி மக்கள் முதல்வகையையும், பதினைந்து முதல் நாற்பத்தொன்பது வயதினரில் 52 கோடி மக்கள் இரண்டாம் வகையையும் உடையவராயிருந்தனர். இவர்களுட் பெரும்பாலார் தமக்கு அது உண்டென்பதை அறியார். ஆதலின், இந்நோயைத் தீயொழுக்கத்தார்க்கே உரியதென்று முகஞ்சுளிப்பார் கூற்று, அறமுமன்று, அறிவுமன்று.

இனி, நோயாளியின் இடர்ப்பாடு யாதெனின்: புண்ணோ, எரிச்சலோ, குத்தலோ திரும்பத் திரும்ப வருகின்றது, சோதனைச் சாலையோ ‘இல்லை’ என்று தாள் தருகின்றது. எதனை நம்புவது?

கரிசற் காட்டு உழவர் மழைக்கு முன்னரே காய்ந்த மண்ணிற் புழுதி விதைப்புச் செய்வதை நம் மாணவர் பலர் கண்டிருப்பர். விதைத்த மறுநாள் நிலத்தைப் பார்த்து, முளை காணோம், ஆகவே விதையே இல்லை என்று ஒருவன் சாதிப்பானாயின் அவனை நகையாதார் யார்? இவ்வைரஸும் உடலுட் புகுந்தபின் முதுகந்தண்டை அடுத்த நரம்பு முடிச்சுக்களில் ஒடுங்கிக் கிடக்கும். சமயம் வாய்த்தவழி வெளிப்படும். ஒவ்வொரு சோதனையும் அதன் ஒவ்வொரு நிலையை மட்டுமே காணவல்லது.

புண் இருக்கும்போது புண்ணையே வினவ வேண்டும்; இரத்தத்தையன்று. இந்நெறிக்கு நம் சென்னை மாநகரிலேயே பழஞ்சான்று உண்டு. ஆறாது பரவும் மறைவிடப் புண்ணொன்றின் காரணத்தைச் சார்லஸ் டானவன் என்னும் மருத்துவப் பேராசிரியர் 1905இல் சென்னையிற் கண்டறிந்தது, புண்ணிற் சுரண்டி எடுத்த பொருளை நுண்பெருக்கியின்கீழ் நோக்கியன்றோ! அப்புண் இன்றும் அவர் பெயரால் டானவனோசிஸ் என வழங்குகின்றது. அக்கிப் புண்ணிற்கும் அவ்வாறே கொப்புளத்தின் அடியைச் சுரண்டிப் பார்க்கும் முறையை 1947இல் ட்ஸாங்க் என்பார் வெளியிட்டார். செலவு சிறிது, ஓரிரு மணியில் முடிவு தெரியும். ஆயினும், இஃது அக்கிக் குடும்பம் என்று காட்டுமேயன்றி, அக்குடும்பத்தில் இன்ன வைரஸ் என்று காட்டாது.

இக்காலத்திற் சிறந்தது பி.சி.ஆர். சோதனை. வைரஸின் மரபுப் பொருளைப் பன்மடங்கு பெருக்கிக் காண்பதாகலின், மிகச் சிறிதளவிருப்பினும் பிடிபடும், வகையையும் பிரித்துரைக்கும். ஆயினும் காலம் தவறின் இதுவும் பயனிழக்கும். கொப்புளம் எழுந்த முதல் இரண்டு நாட்களுக்குள், அதனைத் திறந்து அடிப்பகுதியைப் பஞ்சுக் குச்சியால் அழுத்தித் துடைத்தெடுத்தல் வேண்டும். பொருக்குத் தட்டிய புண்ணிலிருந்து எடுத்தது ‘இல்லை’ என்று வருமாயின், அது நோயின்மைக்குச் சான்றாகாது. அன்றியும், எடுத்த மாதிரியை உரிய திரவத்திலிட்டு 2 முதல் 8 பாகை குளிரிற் கொண்டுசெல்லுதல் வேண்டும். சித்திரை வெயிலிற் கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ பனிக்கட்டியின்றிப் பேருந்தில் அனுப்பிய குப்பி என்ன விடை தரும் என்பதை எவரும் உய்த்துணரலாம்.

புண் ஆறியபின் வருவார்க்கு எஞ்சியிருப்பது இரத்தச் சோதனை. இது வைரஸைக் காண்பதன்று. வைரஸை எதிர்த்து உடல் ஆக்கிய எதிர்ப்பொருளைக் காண்பது. அவ்வெதிர்ப்பொருள் சிலர்க்குச் சில வாரங்களிலும், பெரும்பாலார்க்குப் பன்னிரண்டு வாரங்களுக்குள்ளும் போதிய அளவிற் சேரும். எனவே, தொற்று நேர்ந்ததாக ஐயுறும் நாளுக்கு மூன்றாம் வாரத்திற் செய்த சோதனை ‘இல்லை’ எனின், ‘இன்னும் இல்லை’ என்றே அதனைப் படித்தல் வேண்டும். பன்னிரண்டு வாரங் கழிந்து மீண்டும் செய்வதே முறை. ஐ.ஜி.எம். என்னும் எதிர்ப்பொருளைத் தேடும் சோதனையோ இந்நோயிற் கொள்ளத்தக்கதன்று. பழைய தொற்றிலும் அது தோன்றும், தொற்றில்லாதார்க்கும் பொய்யாகத் தோன்றும். இதனை இன்றும் பட்டியலிற் சேர்த்துப் பணம் பெறுவோர் உளர் என்பது வருந்தத்தக்கது.

‘இல்லை’ என்பது பொய்யாவது போல, ‘உண்டு’ என்பதும் பொய்யாகும். இரண்டாம் வகைக்குரிய ஐ.ஜி.ஜி. சோதனையில் விடையோடு ஓர் எண்ணும் வரும். 1.1க்கு மேற்படின் ‘உண்டு’ என்று அச்சிடுவது வழக்கம். ஆனால் 3க்குட்பட்ட எண்கள் பிழைபடுதல் மிகுதி. வேறொரு முறையால் உறுதி செய்தபின்னரே அவற்றைக் கொள்ளல் வேண்டும் என்று அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையங்கள் 2021இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகின்றது. முதல்வகைக்கு ‘உண்டு’ என வருமாயின், அது குழந்தைப் பருவத்தில் உதட்டின் வழி வந்ததாகவே இருத்தல் கூடும். எவ்விடத்தில் உறைகின்றது என்று இரத்தம் உரைப்பதில்லை. எந்நாளில் வந்தது, எவரால் வந்தது என்பனவற்றையும் உரைப்பதில்லை.

இதனை நாம் அழுத்திக் கூறுதற்குக் காரணம் உண்டு. மணமான சில திங்களில் மனைவிக்குப் புண் கண்டு, இரத்தத்தில் ‘உண்டு’ என்று ஒரு தாள் வந்தவுடன், உறவினர் கூடி நியாயம் பேசத் தொடங்குகின்றனர். பழி பெரும்பாலும் பெண்மேலேயே விழுகின்றது. கணவனிடத்தே குறியின்றிப் பல்லாண்டு உறங்கியிருந்த வைரஸ் அவளுக்கு வந்திருக்கலாம். அவளிடத்தேயே மணத்திற்கு நெடுநாள் முன்னர், இளமையில் வந்த முதல்வகை இப்பொழுது எழுந்திருக்கலாம். அந்த எண் 1.6 ஆகவும் இருக்கலாம். எண்ணைப் படியாமல் ஒரு குடும்பத்தைப் பிரித்தல் எத்துணைக் கொடுமை!

சோதனை உரிய காலத்தில், உரிய இடத்திலிருந்து செய்யப்பட்டும் ‘இல்லை’ என வந்து, தொல்லை மட்டும் நீங்காதிருப்பின், வேறு காரணம் தேடுதல் வேண்டும். கிரந்திப்புண், சொறி, படைக்காளான், சவர்க்காரத்தால் வந்த ஒவ்வாமை ஆகியவும் இவ்வேடம் பூணும். வலி மாத்திரையோ, கிருமிக்கொல்லி மருந்தோ உண்ணுந்தோறும் அதே இடத்திற் புண் தோன்றுதல் நம் நாட்டில் அரிதன்று. அதனை அக்கி என்று பலகாலம் மயங்குவர். மெய்யான அக்கியும் மருந்துண்டபின் ஒரு திங்களுக்கு மேல் ஆறாதிருப்பின், உடலின் காப்பாற்றல் குன்றியிருத்தல் கூடுமாகலின், எய்ட்ஸ் வைரஸ் சோதனை இன்றியமையாதது. அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் இது கட்டணமின்றிச் செய்யப்படுகின்றது. முதற் சோதனைக்குப்பின், தொற்று ஐயத்திலிருந்து மூன்று திங்கள் கழித்து மறுசோதனையும் செய்துகொள்ளல் நன்று.

சோதனை முடிவு வரும்வரை மருந்தின்றி வாட வேண்டியதில்லை. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனம் வகுத்த முறைப்படி, சுகவாழ்வு மையங்களில் மருத்துவர் புண்ணின் தோற்றத்தைக் கண்டே மருந்தளிப்பர். அக்கிப் புண்ணிற்கு ஏழு நாள் அளவான அசைக்ளோவிர் மாத்திரை சிவப்புப் பொட்டலத்தில் தரப்படும். வேளாரிடம் எழுதிக்கொள்ள விரும்புவாரை நாம் தடுக்க முயலோம். ஆயின், காவி பூசுமுன் மருத்துவரிடம் கொப்புளத்தைக் காட்டுவாராயின், மாதிரி எடுத்தற்குரிய அவ்விரண்டு நாளும் வீணாகா.

கருவுற்ற பெண்கள் மட்டும் ஒரு நாளும் தாழ்த்தலாகாது. பேறுகாலத்தை அடுத்து முதன்முறையாக இத்தொற்று வருமாயின் பிறக்குங் குழந்தையின் உயிர்க்கே இடையூறாகும். அத்தகையார் இரத்தச் சோதனையின் விடைக்குக் காத்திராமல், புண் கண்ட அன்றே பேறு பார்க்கும் மருத்துவரிடம் சொல்லுதல் வேண்டும். மகப்பேற்று முறையை அவர் அதற்கேற்ப வகுப்பார்.