கோபால்பூர் கரையில் யாருக்கு இடம்?

ஒடிசாவின் கஞ்சம் மாவட்டக் கடற்கரை ஊரான கோபால்பூர், 1936-ல் ஒடிசா தனி மாகாணமாகும் வரை சென்னை மாகாணத்தில் இருந்தது. ரங்கூனுக்குக் கப்பலேறிய கூலித் தொழிலாளர்களுக்கு இது துறைமுகம், ஆங்கிலேயருக்கோ ஓய்வூர். ரங்கூன் கப்பல்கள் நின்றுபோயின. ஓய்வு விடுதிகள் நீடிக்கின்றன.

அதே கரையில்தான் தெலுங்கு பேசும் நோலியா மீனவர்களும் வாழ்கின்றனர். 2013 அக்டோபர் 12-ல் பைலின் புயல் கோபால்பூர் அருகே கரையைக் கடந்தது. முன்கூட்டியே லட்சக்கணக்கானோர் வெளியேற்றப்பட்டதால் பெரும் உயிரிழப்பு தவிர்க்கப்பட்டது. ஆயினும் வீடுகளும் படகுகளும் வலைகளும் சேதமடைந்தன.

கடலோரத்தில் எவர், எங்கே கட்டலாம் என்பதைக் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைகள் தீர்மானிக்கின்றன. 1991, 2011, 2019 ஆகிய மூன்று அறிவிக்கைகளையும் 1986-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மத்திய அரசே வெளியிட்டது. மீனவரின் கரை குறித்த விதி, நாடாளுமன்ற வாக்கெடுப்பின்றியே மும்முறை எழுதப்பட்டுள்ளது.