தேவாரத்தில் கொடியேற்றாத கட்சி

தேர்தல் வந்தால் தேனி மாவட்டத்துத் தேவாரம் கடைத்தெருவில் எல்லாக் கட்சிக் கொடியும் பறக்கும். இணைய உரிமைக்கென ஒரு கட்சி மட்டும் இதுவரை இந்தப் பக்கம் ஓட்டுக் கேட்டு வந்ததில்லை.

ஸ்வீடனில் அப்படியொன்று உண்டு. 2006 ஜனவரி 1 அன்று ரிக் ஃபால்க்விங்கே தொடங்கிய 'பைரேட் கட்சி'. பதிப்புரிமைச் சட்டத்தைத் தளர்த்து, குடிமக்களை வேவு பார்க்காதே என்று கேட்ட அந்தக் கட்சிக்கு முதல் தேர்தலில் ஒரு சதவீத ஓட்டுகூடத் தேறவில்லை. 2009 ஏப்ரலில் 'பைரேட் பே' என்ற கோப்புப் பகிர்வுத் தளத்தை நடத்தியவர்களுக்குச் சிறைத்தண்டனை என்று தீர்ப்பு வந்ததும் இளைஞர்கள் கட்சியில் குவிந்தார்கள். ஜூனில் நடந்த ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் 7.1 சதவீதம். ஐஸ்லாந்தின் பைரேட் கட்சி 2016இல் அந்நாட்டு நாடாளுமன்றத்தின் 63 இடங்களில் 10ஐப் பிடித்தது.

அந்தப் பைரேட் பே நம் பக்கமும் அடிபட்டது. 2012இல் '3' என்ற தமிழ்ப் படத்தின் திருட்டுப் பிரதிகளைத் தடுக்கச் சென்னை உயர் நீதிமன்றத்தில் படத் தரப்பினர் உத்தரவு வாங்கினார்கள். இணையச் சேவை நிறுவனங்களோ பைரேட் பே, விமியோ என்று தளங்களையே மொத்தமாக மூடின. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை! குறிப்பிட்ட முகவரிகளை மட்டும் தடுத்தால் போதும் என்று நீதிமன்றமே பிறகு தெளிவுபடுத்த வேண்டியிருந்தது.

கட்சி இல்லாமலே இங்கே சிலது நடந்திருக்கிறது. இணையத்தில் எழுதியதற்காகக் கைது செய்ய வழிவிட்ட, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. இணையச் சமவாய்ப்புக்காகத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்குப் பத்து லட்சம் மின்னஞ்சல்கள் போயின. ஆனால் ஓட்டை நம்பி நடந்தவையல்ல இவை; அதனால்தான் எந்த வேட்பாளருக்கும் இதில் பதில் சொல்லும் கட்டாயமில்லை.

அப்படிப் பதில் சொல்ல ஆளில்லாத இன்னொன்று இணைய முடக்கம். 2018 மே மாதம் தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டுக்கு மறுநாள், தூத்துக்குடி, நெல்லை, குமரி மாவட்டங்களில் இணையத்தை அரசு நிறுத்தியது. இதுவே தேனி மாவட்டத்தில் நடந்தால்? மலையில் விளையும் ஏலக்காய்க்குப் போடியிலும் கேரளத்துப் புத்தடியிலும் ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம் நடக்கிறது. 2021 முதல் இரு மையங்களும் இணையத்தில் இணைந்திருக்கின்றன. புத்தடிச் சரக்குக்குப் போடியில் உட்கார்ந்தே விலை கேட்கலாம். இணைப்பு அறுந்தால் விலை கேட்க ஆள் குறையும். அடி விவசாயிக்கு விழும். தேவாரத்து வாலிபர்களின் செல்போனைப் பற்றிய பேச்சு மட்டுமல்ல இது.

2024 நவம்பரில் வந்த புதிய விதிகளின்படி ஓர் உத்தரவில் அதிகபட்சம் 15 நாள் இணையத்தை நிறுத்தலாம். அறுவடைக் காலத்தில் 15 நாள் என்றால் எத்தனை ஏலம் நின்றுபோகும் என்று ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் போடி வியாபாரிகள் கேட்டுப் பார்க்கலாம்.