கரிசல் தண்ணீரும் சோப்புப் பவுடரும்: வாங்குகிறவருக்கு என்ன உரிமை?

விளாத்திகுளம், புதூர், எட்டயபுரம் பக்கத்துக் கிராமங்கள் பலவற்றில் போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. தேய்க்கத் தேய்க்க வாளியில் வெள்ளையாகத் திப்பிதான் மிதக்கும். கோவில்பட்டி நகரத்துக்குச் சீவலப்பேரியிலிருந்து தாமிரபரணித் தண்ணீர் குழாயில் வருகிறது. குழாய் வராத நாளில் நகரத்துக்காரர்களுக்கும் உப்புத் தண்ணீர்தான் கதி. தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத படிவாகிவிடுகின்றன. சோப்பில் ஒரு பங்கு அந்த உப்புகளை அடக்கவே தீர்ந்துபோகிறது, மீதிதான் அழுக்குக்கு.

அந்தக் காலத்துச் சலவைத் தொழிலாளர்கள் உவர்மண்ணைக் கரைத்துத் துணியை முக்கி, வெள்ளாவி வைத்துத்தான் வெளுத்தார்கள். உவர்மண்ணில் இருந்த சோடா உப்புதான் இன்றும் சோப்புப் பவுடரின் பெரும்பகுதி. தூத்துக்குடிக் கடற்கரையில் விளையும் உப்பிலிருந்துதான் நம் மாவட்டத்து ஆலைகள் சோடா சாம்பலும் காஸ்டிக் சோடாவும் எடுத்தன. நுரைக்கும் அழுக்கு நீக்கத்துக்கும் சேர்க்கிற ‘ஆசிட் சிலரி’யின் மூலப்பொருள் சென்னை மணலியில் தயாராகிறது. ஆகவே சோப்புப் பவுடர் எங்கிருந்தோ வந்த மாயப்பொருள் இல்லை. அதில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று கேட்க நமக்கு முழு உரிமை உண்டு.

விளம்பரத்தில் வாளிக்கு ஒரு கரண்டி போதும் என்கிறார்கள். கரிசல் தண்ணீரில் அது போதாது என்பது துவைக்கிறவருக்குத் தெரியும். இரண்டு, மூன்று என்று அள்ளிப் போடுகிறார். அதற்குமேல் தனியாகச் சோடாவும் சேர்க்கிறார். விலை மலிவான பவுடர்களில் அழுக்கை எடுக்கும் பொருள் குறைவாகவும் சோடாவும் நிரப்புப்பொருளும் மிகுதியாகவும் இருக்கும். சோடா கடுமையான காரம். தோலில் உள்ள எண்ணெய்ப் பசையை அது எடுத்துவிடும். உள்ளங்கை எரிகிறது, விரல் இடுக்கு வெடிக்கிறது, நகச்சுற்று வருகிறது. பகலெல்லாம் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்துவிட்டு இரவில் துணி ஊறவைக்கிற பெண்கள் இதை விதி என்று விட்டுவிடுகிறார்கள். விதி இல்லை. துணி ஊறவைக்கவாவது குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீரோ மழைத் தண்ணீரோ எடுத்தால் பவுடர் குறைவாகவே போதும். ரப்பர் கையுறை போடலாம், துவைத்து முடித்ததும் நல்ல தண்ணீரில் கைகழுவித் தேங்காய் எண்ணெய் தடவலாம். வெடிப்பு ஆறாவிட்டால் அரசு மருத்துவமனையில் காட்டி, சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதுவே சாட்சி.

குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். பவுடரையோ திரவ சோப்பையோ குழந்தை வாயில் போட்டுவிட்டால் உப்பைக் கரைத்துக் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. காரம் மேலே வரும்போது உணவுக்குழாயை மறுபடி புண்ணாக்கும். வாயைக் கொப்பளிக்கச் செய்து 108-ஐ அழையுங்கள். டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய விஷ முறிவுத் தகவல் மையத்தையும் 1800 116 117 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம். கண்ணில் பட்டால் குறைந்தது கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். பிளீச்சிங் பவுடரையும் கழிப்பறை ஆசிட்டையும் ஒருபோதும் கலக்காதீர்கள். கிளம்பும் குளோரின் வாயு ஆளைக் கொல்லும்.

சோப்புப் பவுடர்த் தொழில் வளர்ந்த கதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. 1959-இல் சர்ஃப் வந்தது. 1969-இல் குஜராத்தில் கர்சன்பாய் பட்டேல் தொடங்கிய நிர்மா, சர்ஃபின் விலையில் ஒரு சிறு பங்குக்கே விற்று ஏழை வீடுகளுக்குள் நுழைந்தது. அதற்குப் பதிலடியாக 1980-களின் கடைசியில் சர்ஃப் நிறுவனத்தின் வீல் இறங்கியது. போட்டி போட்டுக்கொண்டாலும் தயாரிப்பாளர்கள் பொதுவான விஷயங்களில் ஒன்றுசேரத் தவறவில்லை. சோப்பு, டாய்லெட்ரீஸ் தயாரிப்பாளர்களுக்கு என்று அகில இந்திய சங்கம் உண்டு. வரி, தரநிர்ணயம், பொட்டல விதி எதுவானாலும் அரசிடம் அவர்கள் குரல் ஒரே குரலாகப் போகும். விளம்பரத் துறையினர் 1985-இல் தங்களுக்குள் ஒரு தரக்கட்டுப்பாட்டு மன்றமும் அமைத்துக்கொண்டார்கள்.

தங்களுக்குள் சண்டை வந்தால் நீதிமன்றம் போகவும் அவர்களுக்குத் தெரியும். 2010-இல் போட்டி நிறுவனத்தின் டைட் நேச்சுரல்ஸ் பவுடர் விளம்பரத்தில் எலுமிச்சையும் சந்தனமும் காட்டப்பட்டதை எதிர்த்து இந்துஸ்தான் யூனிலீவர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. விளம்பரத்தை மாற்றச் சொல்லி உத்தரவு வந்தது. அதே ஆண்டு டைடைப் பெயர் சொல்லியே தாழ்த்திய யூனிலீவரின் ரின் விளம்பரத்துக்கு டைட் நிறுவனம் கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கியது. இரண்டு வழக்கிலும் மோதியவர்கள் இரண்டு நிறுவனத்தார். அந்த விளம்பரத்தை நம்பிக் காசு கொடுத்தவர்கள் வழக்கில் எங்கேயும் இல்லை. எனக்கு உறுத்துவது இதுதான்.

சங்கம் சேர்ந்தால் என்ன ஆகும் என்று கோவில்பட்டிக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கடலைமிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது உற்பத்தியாளர் சங்கம் விண்ணப்பித்ததால். ஒரு ரூபாய்க்கு விற்ற தீப்பெட்டி 2021 டிசம்பரில் இரண்டு ரூபாய் ஆனதும் தீப்பெட்டிச் சங்கங்கள் கூடி எடுத்த முடிவால்தான். வாங்குகிறவர்கள் மட்டும் தனித்தனியாக நின்று முணுமுணுத்துவிட்டுப் போகிறோம்.

சட்டம் நமக்கு என்ன தருகிறது? முதலில் பொட்டலம். தயாரித்தவர் அல்லது பொட்டலம் போட்டவரின் பெயர், முழு முகவரி, நிகர எடை, தயாரித்த மாதம், ஆண்டு, வரி உட்பட அதிகபட்ச விலை, புகாருக்கான தொலைபேசி எண் எல்லாம் அச்சில் இருக்க வேண்டும். ஒரு கிலோவுக்குக் குறைந்த பொட்டலத்தில் ஒரு கிராமின் விலையும் இருக்க வேண்டும். இதை யாரும் பார்ப்பதில்லை, ஆனால் இப்போது மிக முக்கியமானது இதுதான். முன்பு சோப்புப் பவுடரை இன்னின்ன எடையில்தான் பொட்டலம் போடலாம் என்று விதி இருந்தது. 2022-இல் அது நீக்கப்பட்டது. அதனால் விலையை ஏற்றாமல் எடையை மட்டும் குறைத்துவிட முடியும். பத்து ரூபாய்ப் பாக்கெட் பத்து ரூபாயாகவே இருக்கும், உள்ளே இருப்பது குறைந்திருக்கும். கிராம் விலையைப் பார்த்தால் அது தெரிந்துவிடும்.

குளியல் சோப்பு அழகுசாதனப் பொருள் என்பதால் 1940-ஆம் ஆண்டு மருந்து, அழகுசாதனச் சட்டத்துக்குள் வருகிறது. துணி சோப்பும் பவுடரும் வருவதில்லை. பவுடருக்கு ஐ.எஸ். 4955 என்ற தரம் இருக்கிறது. ஆனாலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத பவுடர்கள் தாராளமாக விற்பனையாகின்றன. முத்திரை உள்ளதைக் கேட்டு வாங்குவதே இப்போதைக்கு வழி. வேனில் மைக் கட்டி ‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ என்று முகவரியே இல்லாத பக்கெட்டை விற்றால் வாங்காதீர்கள். கை வெந்தாலும் துணி வெளுத்தாலும் யாரைத் தேடிப் போவீர்கள்? எடைக்குறைவு, கூடுதல் விலை, முகவரி இல்லாத பொட்டலம் ஆகியவற்றைத் தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் ஆய்வாளர்தான் கவனிக்கிறார். வீட்டிலோ மகளிர் குழுவிலோ பவுடர் தயாரித்து விற்கிற நம்மூர் அக்காமாருக்கும் இதே அச்சு விதிகள் உண்டு. அதோடு ஆசிட் சிலரி தோலை அரிக்கும் அமிலம் என்பதை மறக்காமல் கையுறையும் கண்ணாடியும் போட வேண்டும்.

பில் கேளுங்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிகம். குறைபாடுள்ள பொருளை, பில்லில் கெடு எதுவும் குறிப்பிடவில்லை என்றால், 30 நாளுக்குள் திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படித்தான். மிச்சப் பவுடரோடு பாக்கெட்டை எறியாமல் வையுங்கள். வழக்குப் போட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் அதை மாதிரியாக ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்க முடியும். முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம், தமிழிலேயே பேசலாம். பொய் விளம்பரம் என்றால் மாவட்ட ஆட்சியருக்கே எழுதலாம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போட முடியும், திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை.

இழப்பீடு வேண்டுமென்றால் தூத்துக்குடி மாவட்ட நுகர்வோர் ஆணையம். நிறுவனம் மும்பையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. குறை தெரிந்த இரண்டு ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும். காணொலி வழியே ஆஜராகவும் கேட்கலாம். சட்டத்தின் 35-ஆம் பிரிவு, ஒரே குறை உள்ள பலருக்காக ஒருவர் அனுமதி பெற்று வழக்குப் போட வழி வைத்திருக்கிறது. பதிவு பெற்ற நுகர்வோர் சங்கமும் போடலாம். ஒரு தெருவில் பத்துப் பேருக்கு ஒரே பவுடரால் கை வெந்திருந்தால், பத்துப் பேரும் பாக்கெட்டையும் பில்லையும் மருத்துவச் சீட்டையும் எடுத்துக்கொண்டு ஒரே மனுவில் கையெழுத்துப் போடுங்கள்.