இரண்டு பழையது சேர்ந்தால் ஒரு புதியதா?

புதிதாக ஒரு பொருளைச் செய்துவிட்டால் ஆக்கவுரிமை நிச்சயம் என்று நம்மில் பலர் நினைக்கின்றோம். புதுமை மாத்திரம் போதாது. அத்தொழிலில் சாதாரண தேர்ச்சி உள்ள ஒருவருக்கு அது எளிதில் தோன்றக்கூடியதாகவும் இருக்கக் கூடாது. பல விண்ணப்பங்கள் இந்த இடத்தில்தான் நிராகரிக்கப்பட்டு மேன்முறையீட்டுக்குச் செல்கின்றன. இதில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் மூன்று தீர்ப்புகள் நல்ல பாடம்.

உலோகத்தாலும் மரத்தாலும் செய்யப்பட்ட கதவுக் குமிழை ஒருவர் களிமண்ணால் செய்தார். பொருளை மாற்றியது சாதாரண தொழிலாளியின் திறமையே, கண்டுபிடிப்பு அல்ல என 1851இல் தீர்ப்பளிக்கப்பட்டது.

கே.எஸ்.ஆர். கம்பனிக்கும் டெலிபிளெக்ஸ் கம்பனிக்கும் இடையிலான வழக்கு வாகன மிதியைப் பற்றியது. முன்பின் நகர்த்தக்கூடிய மிதியும் இலத்திரனியல் உணரியும் ஏற்கெனவே இருந்தன. இரண்டையும் இணைத்ததற்கு உரிமை கோரப்பட்டது. இணைக்கும்படி பழைய ஆவணங்கள் எங்கே சொல்கின்றன என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் இறுக்கமாகக் கேட்டது. 2007இல் உச்ச நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. தொழில் தெரிந்தவனுக்குப் பொது அறிவும் உண்டு, எதிர்பார்த்த பலனையே தரும் இணைப்பு உரிமைக்குத் தகுதியற்றது என்றது.

ஆனால் 1966இல் அடம்ஸ் என்பவரின் மின்கலம் வென்றது. மக்னீசியம், செப்புக் குளோரைட்டு இரண்டும் தெரிந்தவையே. தண்ணீர் ஊற்றினால் இயங்கும் அக்கலம் வேலை செய்யும் என நிபுணர்களே முதலில் நம்பவில்லை. பலன் எதிர்பாராதது என்பதே அவரைக் காப்பாற்றியது.

அமெரிக்காவில் கோரிக்கைகள் இரு தடவை நிராகரிக்கப்பட்டால் விண்ணப்பதாரர் மேன்முறையீட்டுச் சபைக்குச் செல்லலாம். "பார்த்தாலே தெரிகிறதே" என்று பரிசோதகர் சொன்னால் போதாது. தேர்ச்சியுள்ள ஒருவர் ஏன் அவற்றை இணைப்பார் என்பதற்குக் காரணம் காட்ட வேண்டும். விடையைக் கண்ட பின் எல்லாமே இலகுவாகத் தோன்றும் அல்லவா? விண்ணப்பதாரரோ எதிர்பாராத பலனையும், மற்றவர்கள் முயன்று தோற்றதையும், பழைய நூல்கள் அவ்வழி வேண்டாம் என்று சொன்னதையும் ஆதாரமாக வைக்கலாம்.

எமது நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டமும் புதுமையுடன் இத்தகைய கண்டுபிடிப்புத் திறனை வேண்டி நிற்கின்றது. எனவே பரீட்சித்துப் பார்த்தவை, தோற்றவை, கிடைத்த அளவுகள் அனைத்தையும் திகதியிட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். நாளை உங்களுக்காகப் பேசப்போவது அந்தக் கொப்பிதான்.