மருத்துவமனையிலிருந்து போன் வந்தால் பதில் சொல்லுங்கள்



தொரப்பள்ளி, ஓசூர் பகுதியில் கேன்சர் என்று தெரிந்தால் நம் மக்களில் பலர் போவது பெங்களூருக்குத்தான். விடுதலைப் போராட்ட வீரர் ரஃபி அஹ்மத் கித்வாய் பெயரில் உள்ள மருத்துவமனை நமக்குப் பக்கம். சென்னை அடையாறு தூரம். சிகிச்சை முடிந்து ஒரு வருடம் கழித்து, "பேஷண்ட் எப்படி இருக்கிறார்?" என்று போன் வருகிறது. சில வீடுகளில் 'ராங் நம்பர்' என்று வைத்துவிடுகிறார்கள். பெண்ணுக்கு வரன் பார்க்கும் நேரத்தில் விஷயம் வெளியே போய்விடுமோ என்ற கவலை நமக்குப் புரிகிறது. ஆனாலும் அந்தக் கேள்வி ஏன் என்று அறிவது அவசியம்.

கணக்குக்காக 100 நோயாளிகளை எடுத்துக்கொள்வோம். 5 ஆண்டு கழித்து 50 பேர் உயிரோடு இருக்கிறார்கள், 20 பேர் மவுத்தாகிவிட்டார்கள், 30 பேரைப் பற்றித் தகவலே இல்லை. அந்த 30 பேரும் நலம் என்று வைத்தால் பிழைத்தவர்கள் 80, இல்லையென்றால் 50. அடுத்து வரும் நோயாளிக்கு எந்த எண்ணை நம்பி சிகிச்சையை முடிவு செய்வது? நன்றாகிவிட்டவரும் திரும்பிப் போவதில்லை, நோய் முற்றியவரும் போவதில்லை. ஆகவே ஊகித்து நிரப்பவும் முடியாது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1981-இல் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. சென்னை, பெங்களூர் பதிவேடுகள் அன்றிலிருந்தே உள்ளன. இறப்புச் சான்றில் காரணம் பல நேரம் சரியாக இருப்பதில்லை என்பதால், சென்னையில் பதில் அட்டை அனுப்பியும், போன் செய்தும், வீடு தேடிச் சென்றும் விசாரித்திருக்கிறார்கள்.

எல்லையோரத்தில் வாழும் நமக்கு இன்னொரு சிக்கல். இந்தப் பதிவேடுகள் நோயாளி எங்கே குடியிருக்கிறார் என்பதை வைத்தே எண்ணுகின்றன. வசதிக்காகப் பெங்களூரில் உள்ள உறவினர் முகவரியைக் கொடுத்தால், நம் ஊர் நோய் அந்த ஊர்க் கணக்கில் ஏறிவிடும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எத்தனை பேருக்கு என்ன கேன்சர் என்று தெரியாமல் இங்கே சிகிச்சை வசதி கேட்பது எப்படி?

பெயரும் அப்படித்தான். ஆதாரில் 'பேகம்', ரேஷன் கார்டில் 'பீ', மருத்துவமனை ஃபைலில் வீட்டில் கூப்பிடும் பெயர் என்றிருந்தால் ஒருவரே மூவராகிவிடுவார். முதல் நாளே ஆதாரில் உள்ளபடி பெயர், வயது, தொரப்பள்ளி முகவரி, மாறாத இரண்டு போன் நம்பர் கொடுங்கள். வீட்டில் மவுத் நடந்தால் அடக்கத்தோடு விட்டுவிடாமல் 21 நாட்களுக்குள் பதிவு செய்து, மருத்துவமனைக்கும் சொல்லுங்கள்.

நோயாளியின் விவரம் அமானிதம்; பதிவேட்டின் அறிக்கையில் எண்ணிக்கைதான் வரும், பெயர் வராது. போன் செய்பவர் மீது சந்தேகம் வந்தால் ஃபைலில் உள்ள நம்பருக்கு நீங்களே திருப்பி அழையுங்கள். ஓடிபி, வங்கி விவரம் கேட்டால் உடனே வைத்துவிடுங்கள். படிவம் நிரப்ப உதவி தேவைப்படுவோர் ஃபைலுடன் அஸருக்குப் பின் நம் அலுவலகத்துக்கு வரலாம்.